இன்னும் கொஞ்சம் கிடக்கு

யாழ்ப்பாணத்தில் வீடு கட்டத் தொடங்க நாள் பார்ப்பார்கள். கட்டி முடிக்க நாள் பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அப்படியொரு நாள் வராது என்பது சாத்திரியாருக்கும் தெரியும், மேசனுக்கும் தெரியும். அப்பா 1986இல் அத்திவாரம் போட்டார். நாலு வருடத்தில் சுவர் எழும்பி ஓடும் ஏறிவிட்டது. பூச்சு வேலை தொடங்கலாம் என்று அவர் வாய் திறந்த 1990இல் யுத்தம் மறுபடி மூண்டது. பெற்றோல், பற்றரியோடு சீமெந்தும் தடை செய்யப்பட்ட பொருளாயிற்று.

பூசாத வீட்டில்தான் இருந்தோம். கதவு போடாத அறைக்கு அம்மாவின் பழைய சேலை கதவு. சாமிப்படம் மாட்ட ஆணி தேட வேண்டியிருக்கவில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்த பொந்தில் அம்மா ஒரு பூவரசங் குச்சியைச் செருகினாள், பிள்ளையார் வந்து தொங்கினார். வளவின் மூலையில் அப்பாவும் மாமாவும் பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை ஏற்றிப் பதுங்குகுழி ஒன்று வெட்டினார்கள். பொருள் தட்டுப்பாடில்லாமல், மேசனுக்குக் காத்திராமல், சொன்ன நேரத்தில் எங்கள் வளவில் முடிந்த கட்டிடம் அது ஒன்றுதான். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமமே தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, அம்மா வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். பின்பக்கத்து இரண்டு யன்னலுக்குக் கதவே கிடையாது என்பதை அந்த நேரத்தில் அவளுக்கு நினைவூட்ட யாருக்கும் மனம் வரவில்லை.

வருகிறவர்கள் கேட்பார்கள், “என்ன மாஸ்டர், வீடு முடிஞ்சுதோ?” அப்பா சொல்வார், “இன்னும் கொஞ்சம் கிடக்கு.”

இனி மெல்பேண். இங்கே காணி உன்னுடையது என்பதற்காக வீட்டை நீயே கட்டிவிட முடியாது. விக்டோரியா மாநிலத்தில் 16,000 டொலருக்கு மேற்பட்ட வேலையைச் சொந்தப் பொறுப்பில் செய்ய அரசாங்கத்தின் சம்மதச் சான்றிதழ் வேண்டும். அதற்கு முன் கணினியில் ஒரு பரீட்சை. ஓ.எல். கணிதத்துக்குப் படித்ததுபோலப் படித்து நானும் மனைவியும் சித்தியடைந்தோம். ஒருமுறை இப்படிக் கட்டியவர் அடுத்த 5 வருடத்துக்கு வேறு காணியில் கட்ட முடியாது என்றும் ஒரு விதி உண்டு. கட்டி முடித்தவர்களைக் கேட்டால் அந்த விதி வீண் என்பார்கள். அவர்களைத் தடுக்கச் சட்டம் வேறு வேண்டுமா? கட்டியதை ஆறரை வருடத்துக்குள் விற்கப் போனால், என்னென்ன பிழை இருக்கிறது என்று நிபுணர் எழுதிய அறிக்கையும் காப்புறுதியும் சேர்த்துக் கொடுக்கவேண்டும்.

மின்சாரத்தையும் தண்ணீர்க் குழாயையும் அனுமதிப்பத்திரம் உள்ளவர் மட்டுமே தொடலாம். கொங்கிரீட் தளம் ஊற்ற ஆள், சட்டகம் நிமிர்த்த ஆள், செங்கல் கட்ட ஆள், பிளாஸ்டர் பலகை அடிக்க ஆள். சொந்தக் கையால் கட்டினோம் என்று கலியாண வீடுகளில் நாங்கள் சொல்லிக்கொள்வது, பெரும்பாலும் சொந்தக் கையால் தொலைபேசி எடுத்தோம் என்பதைத்தான். பெயின்ற் அடித்ததும், குளியலறைக்குத் தைல்ஸ் ஒட்டியதும், கூரைக்குள் தவழ்ந்து பஞ்சு விரித்ததும் நாங்கள். அந்தப் பஞ்சுக் கடி இன்னும் என் கழுத்தில் இருக்கிறதாக மனைவி நம்புவதில்லை.

அப்போது நாங்கள் வாடகைக்கு இருந்தது சென்ற் அல்பன்ஸில். பக்கத்து வீட்டுக் கிழவர் மோல்ற்றாவிலிருந்து 1950களில் கப்பலில் வந்தவர். முதலில் காணியின் பின்பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டு, மனைவியோடு அதில் குடியிருந்துகொண்டு, தொழிற்சாலை வேலை முடிந்து வரும் மாலைகளில் முன்வீட்டைக் கட்டியிருக்கிறார். அந்தத் தெருவே அப்படித்தான் எழும்பியதாம். உலகப்போருக்குப் பின் இந்த நாட்டில் செங்கல்லும் மரமும் பங்கீட்டில். வீட்டின் பரப்புக்குக்கூட உச்சவரம்பு வைத்திருந்தார்கள். 1950களின் நடுப்பகுதியில் கட்டப்பட்ட வீடுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று சொந்தக்காரரே கட்டியது. 1947இல் ‘ஏஜ்’ பத்திரிகையோடு சேர்ந்து கட்டிடக் கலைஞர் றொபின் போய்ட் சிறு வீடுகளுக்கான ஒரு சேவை நடத்தினார். 5 பவுண் கொடுத்தால் வீட்டுப் படம் கைக்கு வரும். எங்களுடைய மண் பரிசோதனை அறிக்கைக்குக் கொடுத்ததை நினைத்தால் அந்த 5 பவுணைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. ஆனால் பொறாமைப்பட்டும் பயனில்லை. கிழவருக்குக் காணி விற்ற அந்த ஆஸ்திரேலியா எங்களை விமான நிலையத்துக்கு வெளியே விட்டிருக்காது. வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை முழுதாக ஒழிந்தது 1973இல்தான்.

மண்ணைச் சொன்னேன். ஊரில் மண்வெட்டி போட்டால் கொஞ்ச ஆழத்தில் சுண்ணாம்புக்கல் ‘ணங்’ என்று பதில் சொல்லும். அத்திவாரத்துக்கு வேறு யாரிடமும் கேட்கத் தேவையில்லை. மெல்பேணின் மேற்குப் பக்கம் எரிமலைக் குழம்பு ஓடிக் காய்ந்த சமவெளி. அதன் களிமண் மழைக்கு ஊதும், கோடைக்குச் சுருங்கும். வீட்டையும் கூடவே தூக்கி இறக்கும். அதனால் மண்ணுக்கு வகுப்புப் பிரித்து, வகுப்புக்கு ஏற்றபடி தளத்தின் கம்பிக் கணக்குப் போடுகிறார்கள். அத்திவாரத்துக்கு ஒன்று, கம்பி கட்டியதும் ஒன்று, சட்டகத்துக்கு ஒன்று, கடைசியாக ஒன்று என்று நாலு கட்டாயப் பரிசோதனை. பரிசோதகர் வரும் நாளில் நாங்கள் வேலைத்தலத்தைக் கூட்டிப் பெருக்கி வைப்போம். மாப்பிள்ளை வீட்டார் வரும் நாளில்கூட எங்கள் வளவு அப்படி இருந்ததில்லை.

எங்கள் சட்டகம் நிமிர வேண்டிய 2021இல் மரம் கிடைக்கவில்லை. 2019–20 காட்டுத்தீயில் தோட்டத்துப் பைன் மரங்கள் எரிந்துபோயிருந்தன. உலகம் முழுவதும் வீட்டுக்குள் அடைபட்டிருந்த சனம் ஒரே நேரத்தில் வீடு திருத்தப் புறப்பட்டிருந்தது. போதாததற்கு, 2020 ஜூனில் மத்திய அரசு ‘ஹோம்பில்டர்’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்து, புதுவீடு கட்டுபவர்களுக்கு 25,000 டொலர் கொடுப்பதாக அறிவித்தது. நாடே கட்டத் தொடங்கியது. மர விலை கூரைக்கு ஏறியது. பதிவுபெற்ற கட்டுநருடன் ஒப்பந்தம் வேண்டும் என்பதால், தாமே கட்டுபவர்களுக்கு அந்தப் பணம் கிடையாது. விலையேற்றத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு, உதவியில் மட்டும் இல்லை. மரம் வந்துசேர்ந்த செப்டெம்பரில் கட்டிட வேலைகளையே இரண்டு கிழமைக்கு மூடிவிட்டார்கள், கொரோனா. மனைவி ஊருக்குத் தொலைபேசி எடுத்து, “மாமா, இஞ்சையும் பொருளாதாரத் தடைதான்” என்றாள். அப்பாவுக்கு அதில் ஓர் ஆறுதல்.

சட்டகம் நிமிர்ந்ததும் வீடியோவில் அப்பாவுக்குக் காட்டினேன். கறையானுக்கு மருந்தடித்த பைன் மரம், நீல நிறம். கருக்குப் பனையின் வைரம் பாய்ந்த கைமரத்தைத் தட்டித் தட்டி வாங்கிய மனிதர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“தம்பி, இது அப்பிள் பெட்டி அடிக்கிற பலகையெல்லோ?”

“இஞ்ச எல்லா வீடும் இதுதானப்பா.”

“எத்தினை லட்சம்?”

இலங்கை ரூபாயில் சொன்னேன். தொடர்பு அறுந்ததா, அறுத்தாரா என்று தெரியாது.

இதே மெல்பேணில், வடகிழக்கே எல்தமில், 1947இலிருந்து அலிஸ்டர் நொக்ஸ் என்றொருவர் பச்சைமண் கல்லால் வீடுகள் கட்டினார். போருக்குப் பின் சீமெந்தும் செங்கல்லும் கிடைக்காத நேரத்தில் காணியில் கிடந்த மண்ணையே எடுத்தார். இன்று அந்த வீடுகளைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் போகிறார்கள், வாங்கப் பணக்காரர்கள் போகிறார்கள். நாங்களும் ஒரு ஞாயிறு போனோம். சாணி மெழுகிய மண்வீட்டில் பிறந்து, கல்வீடு என்ற ஒரு சொல்லுக்காகவே ஆயுள் முழுவதும் மிச்சம் பிடித்தவள் என் அம்மம்மா. வேலியில் தொங்கிய விலையை அவளுக்கு யார் விளங்கப்படுத்துவது?

குடிபூரலுக்கு ஊர் ஐயர் நேரம் கணித்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். அது காலை நேரம். இங்கே கோடைக் கணக்கில் ஐந்தரை மணித்தியாலம் கூட்ட, நடுப்பகல் வந்து நின்றது. சரி, சுபநேரம் சுபநேரம்தான். ஆனால் குடியிருப்பு அனுமதி வந்துசேரவில்லை. குழாய் வேலைக்காரர் கொடுக்கவேண்டிய ஒரு சான்றிதழ் பாக்கி, அவர் மீன்பிடிக்கப் போயிருந்தார். அனுமதி இல்லாமல் வீட்டில் ஓர் இரவு படுக்கக்கூடாது. பால் காய்ச்சக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. மண்பானையை இன்டக்‌ஷன் அடுப்பு ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆகவே முகாமுக்குக் கொண்டுபோகும் சின்னக் காஸ் அடுப்பைத் தரையில் வைத்து, புகையுணரி கத்தாதிருக்க எல்லாக் கதவையும் திறந்துவிட்டுக் காய்ச்சினோம். கிழக்கே பொங்கியது. கடதாசிக் கோப்பையில் குடித்தோம். பிறகு பூட்டிவிட்டு வாடகை வீட்டுக்குப் படுக்கப் போனோம். பால் குடிபுகுந்தது, நாங்கள் பிறகுதான்.

அனுமதி ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றரைக்கு மின்னஞ்சலில் வந்தது, சரியாக இராகு காலத்தில். மனைவி நாலரை வரைக்கும் அதைத் திறக்க விடவில்லை. திறந்து வாசித்தால், வீடு குடியிருக்கத் தகுந்தது என்று மட்டும்தான் பொருள், எல்லா விதிக்கும் அமையக் கட்டியதற்கு இது அத்தாட்சி ஆகாது என்றிருந்தது. “இன்னும் கொஞ்சம் கிடக்கு” என்பதை அரசாங்க ஆங்கிலத்தில் எழுதினால் அப்படித்தான் வரும்போல.

வீடு முடிந்தது. குடியமர்வதுதான் பெரும்பாடாகிவிட்டது. சுவர் முழுக்கப் பிளாஸ்டர் பலகை. பின்னால் மரம் எங்கே என்று தெரியாமல் ஆணி அடித்தால் ஆணி உள்ளே போய்விடும், படம் கீழே வந்துவிடும். ஒரு சின்னக் காந்தத்தை நூலில் கட்டிச் சுவரோடு சுவராக உரசி, உள்ளே திருகாணி இருக்கும் இடத்தில் அது ஒட்டுகிறதா என்று பார்த்து, பென்சிலால் புள்ளி போட்டு... சரியான இடம் பிடிபட்டால் அது மனைவி நினைத்த இடமாக இருக்காது. தமிழ்க் கடைக்காரர் தந்த நாட்காட்டி நெடுநாளாக மேசையில் சாய்ந்தபடியே திகதி கிழிபட்டது. பிள்ளையார் அலுமாரிக்குள்.

வேலியைச் சொல்லாமல் யாழ்ப்பாணத்தான் வீட்டைப் பற்றி எழுதி முடிக்க முடியாது. ஊரில் கதியால் ஓர் இரவில் ஒரு சாண் நகரும், அந்தச் சாணுக்கு இரண்டு தலைமுறை நீதிமன்றம் ஏறும். ஆனால் வழக்காடுகிற அதே வேலியில் ஒரு பொட்டும் இருக்கும். முன்வாசலால் முகம் பார்க்காத பெண்கள் அந்தப் பொட்டால் ஒடியல் மா கடன் வாங்குவார்கள். இங்கே 1968ஆம் ஆண்டு வேலிச் சட்டம் ஒன்று இருக்கிறது: பொதுவான வேலிக்குச் செலவு பாதிப் பாதி. பக்கத்துக் காணிப் பஞ்சாபிக் குடும்பத்துக்குக் கடிதம் போட்டோம், கையெழுத்து வந்தது, பணம் வந்தது, ஒரு காலைப்பொழுதில் ஆளுயரத்துக்கு மேல் பலகை வேலி எழும்பிவிட்டது. ஒரு சத்தம் இல்லை, சண்டை இல்லை. அதற்குப் பிறகு அவர்களை நாங்கள் பார்த்ததே குறைவு. அவர்கள் தாளிக்கிற சீரகம் மட்டும் வரும்.

அப்பாவின் வீடு 2002இல் ஏ9 பாதை திறந்து சீமெந்து வந்தபிறகு பூசப்பட்டது. நாங்கள் இருக்கிறோம் என்பதற்காக அல்ல. தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசத் தொடங்கியதால். ஒல்லாந்தர் 1707இல் எழுதிவைத்த தேசவழமை காலத்துக்கும் முந்தியது இந்த ஏற்பாடு: வீடு மகளுக்குச் சீதனம். கட்டுகிறவன் தனக்காகக் கட்டுவதில்லை. பூச்சு காய்ந்தது, கலியாணம் முடிந்தது, அப்பாவும் அம்மாவும் பின்வளவில் குசினியோடு ஒட்டிய ஓர் அறைக்குப் போனார்கள். மோல்ற்றாக் கிழவர் பின்னாலிருந்து முன்னுக்கு வந்தார், இவர்கள் முன்னாலிருந்து பின்னுக்குப் போனார்கள். நாங்கள் சீதனம் எல்லாம் பேசாத, இரண்டு பெயரிலும் உறுதி எழுதிய நவீன தம்பதி. உறுதிக்கு மேல் வங்கியின் பெயரும் இருக்கிறது.

போன மாதம் மகள் வந்தாள். நகரத்தில் வேலை, வாடகைக்கு ஒரு பெட்டி வீடு. சாப்பிட்டுவிட்டுப் பின்வளவை நீளமும் அகலமும் நடந்து பார்த்தாள்.

“அப்பா, 2023 டிசம்பரிலயிருந்து சட்டம் மாறிட்டுது. பின்னுக்கு 60 சதுர மீற்றருக்குள்ள ஒரு சின்ன வீடு போடுறதெண்டா பிளானிங் பெர்மிட் வேண்டாம். பில்டிங் பெர்மிட் மட்டும் போதும்.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “போடுவமே பிள்ளை! நீ எப்ப வாறாய்?”

“நான் முன்னுக்கு வாறன்,” என்றாள். “அது உங்க ரெண்டு பேருக்கும்.”

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் இழுப்பறையில் அளவு நாடாவைத் தேடிக்கொண்டிருந்தாள். “அதுக்கும் பரீட்சை எழுத வேணுமோ?” என்று மட்டும் கேட்டாள்.