படைமுகாமுக்குக் கணினி வந்தால்: படவரைஞருக்குப் புத்திமதி

ஊவா மலையில் ஏதோவொரு இராணுவக் கட்டட அலுவலகத்துக்கு ஓட்டோகேட் வருகிறதென்றால், முதலில் பழைய வரைபலகையை எறியாதீர்கள். தேநீர்க் கோப்பை வைக்க அதைவிட நல்ல இடம் அங்கே இல்லை.

திரையில் வரைந்ததை மேஜரிடம் காட்டுங்கள். "பிரிண்ட் எடுத்து வா" என்பார். சிவப்புப் பேனையால் கீறுவார். கீறியதை ஸ்கேன் செய்து பத்திரப்படுத்துங்கள். காலாண்டு அறிக்கையில் இதற்குப் பெயர் நவீனமயமாக்கல்.

அலகில் கவனம் வேண்டும். கெப்டனுக்கு மில்லிமீற்றர், மேசன் பாசுக்கு அடி, காணி உத்தியோகத்தருக்குப் பேர்ச். ஏழு பேர்ச் என்றால் 177 சதுர மீற்றர். மூவருக்கும் மூன்று தாள் கொடுத்துவிட்டால் மூவரும் திருப்தி. பூனாகலை என்று ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதினால் சில எழுத்துருக்களில் கேள்விக்குறிகளாக வரும். திருத்த வேண்டாம், பெரும்பாலும் நியாயமான கேள்விகள்தான்.

அடுத்தது 'அரே' கட்டளை. ஒரு வீட்டை வரைந்தால் போதும், நொடியில் 75 ஆகிவிடும். புதுமை என்று மார்தட்டாதீர்கள். ஓட்டோகேட் 1982இல்தான் வந்தது. தோட்டத் துரைமார் அதற்கு நூறு வருடம் முன்பே பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவை முதுகோடு முதுகு ஒட்டி லயம் லயமாக அடுக்கிவிட்டார்கள். அவர்களுடைய லயத்துக்கும் உங்கள் திரைக்கும் இன்னோர் ஒற்றுமை: குடியிருக்கப் போகிறவரை இரண்டுமே கேட்பதில்லை.

திரை தட்டை, மலை அப்படியில்லை. தெமோதரையில் ரயில் பாதையைச் சுற்றிவிட்டுத் தனக்குக் கீழேயே நுழையவைத்தவர்களிடம் தாளும் பென்சிலும்தான் இருந்தன. கங்காணி தலைப்பாகை சுற்றுவதைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது என்ற கதையை நம்புகிறவர்கள் தாளும் தேவையில்லை என்பார்கள்.

கடைசியாக லேயர்கள். சுவருக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று, மண்சரிவு அபாயத்துக்கு ஒன்று. மூன்றாவது கண்ணை உறுத்தும். பல்பு அடையாளத்தைத் தட்டினால் மறைந்துவிடும். மீரியபெத்தைத் தோட்டத்துக்கு 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை கொடுத்திருந்தது. அந்த பல்பை யாரோ அணைத்தே வைத்திருந்தார்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கியது. பிழைத்த குடும்பங்களுக்கு 75 வீடுகள் பூனாகலைப் பக்கம் எழுந்தபோது 2016 ஆகியிருந்தது. கட்டியது இராணுவத்தின் ஆட்பலம்.

ஆகவே மழைக்காலத்தில் எந்த மேட்டில் புது ஊற்று கிளம்புகிறது, எந்தச் சுவர் வெடிக்கிறது என்று கொழுந்தெடுக்கும் அம்மாக்களிடம் கேட்டு அந்த லேயரில் குறியுங்கள். குறித்ததும் கணினியைப் பூட்டுங்கள். கடவுச்சொல்லை மேஜருக்குச் சொல்லாதீர்கள்.