கீழே பொட்டு இருக்கா?

சேத்தூரில் தென்காசி ரோட்டோரம் ஒரு டீக்கடை பெஞ்சில் அந்த அண்ணாச்சி உட்கார்ந்திருப்பார். ஊரே சட்டைப்பையில் செல்போன் வைத்திருக்க, இவர் மட்டும் பூதக்கண்ணாடி வைத்திருப்பார்.

வீட்டுப் பரணில் வெள்ளி ரூபாய் அகப்பட்டவர்கள் எல்லாம் இவரைத் தேடித்தான் வருவார்கள். பழைய காசு ஒன்று கோடிக்கு விலைபோனதாகச் செல்போனில் பார்த்துவிட்டு, மனசுக்குள் மாடி வீடு கட்டி, பால் காய்ச்சியும் முடித்திருப்பார்கள். அந்த வீட்டை இடிப்பதுதான் அண்ணாச்சியின் வேலை. கூலி ஒரு டீ.

காசை விளிம்பில் பிடித்துத்தான் வாங்குவார். ராஜா முகத்தை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். "மூஞ்சி எல்லாக் காசுலயும் ஒண்ணுதான் தம்பி. முதுகைத்தான் பாக்கணும்." அஞ்சாம் ஜார்ஜ் ரூபாயைத் திருப்பினால் சுற்றிலும் பூக்கொடி, அடியில் ஒரு தாமரை. அந்தத் தாமரைக்குக் கீழே எள்ளில் பாதியளவுக்கு ஒரு பொட்டு புடைத்திருந்தால் பம்பாய் மிண்டில் அடித்தது. பொட்டு இல்லாவிட்டால் கல்கத்தா. இந்தப் பழக்கத்தில், பெண் பார்த்துவிட்டு வந்தவரிடம் போட்டோவை வாங்கி, பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டார் ஒருநாள்.

வந்தவர் மூச்சைப் பிடித்து நிற்பார். அண்ணாச்சி தீர்ப்புச் சொல்வார்: "1918. பம்பாய். கோடிக் கணக்குல அடிச்சிருக்கான். வெள்ளி விலை கிடைக்கும்." எடை 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. நாட்டு மருந்துக் கடையில் 'ஒரு ரூபாய் எடை' என்றது இந்த எடையைத்தான். காசு கொண்டுவந்தவருக்கு மருந்து ஞாபகம் வருவதும் இயற்கையே.

போன மாசம் தளவாய்புரத்திலிருந்து ஒரு பையன் வந்தான். 1840 போட்ட விக்டோரியா ரூபாய். அண்ணாச்சிக்கு நல்ல காசாகப் படவேண்டுமே என்று, முந்தின ராத்திரி விபூதியும் எலுமிச்சம்பழமும் போட்டுத் துலக்கிக் கொண்டுவந்திருந்தான். ராணி குத்துவிளக்கு மாதிரி மின்னினாள். அண்ணாச்சி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நூத்தம்பது வருசத்துக்கு மேல சேந்த கருப்பு. ஒரே ராத்திரியில தேச்சுப்புட்டியேப்பா! இனி சேகரிக்கிறவன் ஒருத்தனும் தொடமாட்டான். ஆசாரிகிட்ட எடைக்குத்தான் போகும்."

பையன் போனபிறகும் வெகுநேரம் துஷ்டி வீட்டில் உட்கார்ந்தவர் மாதிரி இருந்தார்.

அவர் உற்சாகமாகப் பேசுவது 1911 ரூபாயைப் பற்றி மட்டும்தான். ஜார்ஜ் ராஜாவின் அங்கியில் யானைப் பதக்கம் ஒன்று உண்டு. அச்சு வெட்டியவன் தும்பிக்கையைக் குட்டையாக வெட்டிவிட்டான், யானை பன்றியாகிவிட்டது. முஸ்லிம்கள் மனம் புண்பட, சர்க்கார் காசைத் திரும்ப வாங்கி உருக்கியது. 1912-ல் தும்பிக்கையை நீட்டி வேறு அச்சு போட்டார்கள். "வெள்ளிக்கு விலையில்ல தம்பி, தப்புக்குத்தான் விலை" என்பார்.

1939 ரூபாய் என்று யாராவது சொன்னால் மட்டும் கண்ணாடியை எடுக்கமாட்டார். அது அபூர்வம், ஆகவே போலி ஏராளம். "நெசம்னா உங்க கைக்கு வந்திருக்காது" என்று அனுப்பிவிடுவார். அரிசியை இழுக்கும் காசு என்று வருகிறவனுக்கு டீ கூடச் சொல்லவிடமாட்டார்.

நாளாக நாளாக மனிதர்களையும் இதே கண்ணாடியில்தான் பார்க்கிறார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்த்து, "விளிம்பு தேஞ்சிருக்கு, தேதி தெரியுது" என்றார். மேடையில் முழங்கிய அரசியல்வாதியைப் பற்றிக் கேட்டோம். "1940-க்கு அப்புறம் அடிச்ச ரூபா. சத்தம் வரும், வெள்ளி பாதிதான்." அந்த வருஷத்திலிருந்து சர்க்கார் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டது வாஸ்தவம்தான். மற்றதும் வாஸ்தவம்தான்.

அவருக்குப் பெரிய தலைவலி ரீஸ்ட்ரைக். பழைய அச்சையே எடுத்து, சேகரிப்பவர்களுக்காகப் பின்னாளில் மிண்டிலேயே அடித்துக் கொடுத்த காசு. போலி என்று தள்ளவும் முடியாது. அசல் விலை சொல்லவும் முடியாது. அப்படி ஒன்று வந்தால் அன்றைக்கு முழுக்க யோசனையில் இருப்பார்.

ஒருநாள் விளையாட்டாக, "என்னையும் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன். மனுஷன் நிஜமாகவே கண்ணாடியை எடுத்துவிட்டார். நெற்றி, மூக்கு, காது என்று ஒரு சுற்று பார்த்தார்.

"உங்க அப்பாவை நல்லாத் தெரியும். அச்சு அசல் அவருதான். ஒரு கோடு மாறல."

எனக்குப் பூரித்துவிட்டது.

"ஆனா பின்னால அடிச்சது தம்பி" என்று கண்ணாடியைப் பைக்குள் போட்டார். "சரி, டீ சொல்லுங்க."