கண்ணாடி வீட்டுச் சாட்சி

கண்ணுக்கே தெரியாத டயாட்டம் என்ற பாசிக்குக் கண்ணாடி வீடு எதற்கு சார்? யார் பார்க்கப் போகிறார்கள்?

போலீஸ் பார்க்கும்! தண்ணீரில் கிடைத்த பிணம் மூழ்கிச் செத்ததா, செத்தபின் போட்டதா என்று குழப்பம் வந்தால், எலும்பு மஜ்ஜையை அமிலத்தில் கரைப்பார்கள். மஜ்ஜை போய்விடும், டயாட்டத்தின் கண்ணாடி வீடான சிலிக்கா ஓடு போகாது. உயிரோடு மூச்சுத் திணறித் தண்ணீரை உள்ளிழுத்தவருக்குத்தான் அது நுரையீரல் தாண்டி, ரத்தத்தில் ஏறி, எலும்புவரை போகும். பிறழாத சாட்சி. ஆனாலும் எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடுவாரா? 'வேறு வழியிலும் உடம்புக்குள் நுழையுமே' என்பார். அதுவும் உண்மைதான்.

பாசிக்கும் நோபல் பரிசுக்கும் சம்பந்தம் உண்டா?

பாசி இல்லாமல் பரிசு ஏது? தொட்டால் வெடிக்கும் நைட்ரோகிளிசரினை, டயாட்டம் ஓடுகள் மண்டிய மண்ணில் ஊறவைத்து அடக்கித்தான் நோபல் 1867-ல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் சேர்ந்த பணமும்தான் பரிசானது. பங்கு கேட்டு இதுவரை எந்த டயாட்டமும் வழக்குப் போடவில்லை.

ஆக்சிஜனுக்கு மரம் நடச் சொல்கிறார்கள். கடலில் என்ன நடுவது?

ஒன்றும் வேண்டாம். பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை டயாட்டமே கவனித்துக்கொள்கிறது. வெயிலும் சத்தும் இருந்தால் தானாகவே இரண்டாகப் பிரிந்து பெருகும். மேடை, மைக், அமைச்சருடன் போட்டோ எதுவும் கேட்பதில்லை.