ஜாடியைக் கிழித்து வந்த சாரிசார்ட்

போக்கிமானை மண்ணில் செய்து மியூசியத்தில் வைப்பதெல்லாம் கலையா?

ஜப்பானின் கனாசாவா நகரிலுள்ள தேசியக் கைவினை அருங்காட்சியகமே 2023இல் வைத்தது. 20 கலைஞர்கள் தத்தம் கைத்தொழிலில் போக்கிமானைப் படைத்தார்கள். அதில் கெய்கோ மசுமோதோவின் ஜாடி எனக்கு உயிர். ஷிகராக்கி என்ற பழைய மண்பாண்ட ஊரின் பாணியில் பெரிய ஜாடி. அதன் உடம்பைக் கிழித்துக்கொண்டு சாரிசார்ட் என்ற போக்கிமானின் தலையும் சிறகும் வெளியே பாய்கின்றன. நெருப்பைக் கக்கும் டிராகனுக்குச் சூளையைவிடப் பொருத்தமான பிறப்பிடம் ஏது?

கனடாவின் பிரெண்டன் டாங், சீனப் பாணி ஜாடியில் ரோபோ பாகங்களைப் பூட்டுகிறார். பழமையைக் கெடுப்பதில்லையா?

18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பிரபுக்கள் சீனப் பீங்கானை வாங்கி, ஓர்மோலு எனப்படும் பொன்முலாம் பூசிய வெண்கலப் பிடியும் பாதமும் பூட்டினார்கள். இன்று அவை பொக்கிஷம். டாங் அந்த இடத்தில் மாங்கா என்ற ஜப்பானியச் சித்திரக்கதைகளின் பாணி எந்திரங்களைப் பூட்டுகிறார். இந்தப் படைப்பு வரிசைக்கே 'மாங்கா ஓர்மோலு' என்று பெயர். நீல-வெள்ளை ஜாடியின் உடல், எந்திரம் கவ்வுமிடத்தில் துணிபோல மடிந்து சுருங்கியிருக்கும். சுட்ட களிமண்ணில் அந்த மடிப்பை வரவழைக்கும் கை, பழமையை நன்றாகப் படித்த கை.

ஜெஃப் கூன்ஸ் 1988இல் செய்த மைக்கேல் ஜாக்சன் பீங்கான் சிலை?

செய்தவர்கள் பட்டறைக் கைவினைஞர்கள், யோசனைதான் கூன்ஸுடையது. வெள்ளையும் பொன்னுமாகப் பளபளக்கிறது. என் மனசு மசுமோதோ பக்கம்.

இந்தத் துறையில் தமிழர் உண்டா?

ரமேஷ் மரியோ நித்தியேந்திரன். 1988இல் கொழும்பில் பிறந்து, குழந்தையாகவே ஆஸ்திரேலியா போனவர். கோயில் உருவங்கள், கிறிஸ்தவப் படிமங்கள், இணையம் எல்லாம் அவர் மண்ணில் கலக்கின்றன. பல்லைக் காட்டும் முகங்கள், வழிந்தோடும் நிறங்கள். வழவழப்பை எதிர்பார்த்துப் போகாதீர்கள். விரல் அழுத்திய தடம்கூட அப்படியே இருக்கும்.

நான் செய்யும் டிராகன் சூளையில் வெடிக்கிறது. காற்றுக்குமிழியா காரணம்?

பழி காற்றின்மேல், குற்றம் ஈரத்தின்மேல். 100 டிகிரியைத் தாண்டும்போது உள்ளே மிஞ்சிய ஈரம் ஆவியாகி, வெளியேற வழியின்றி மண்ணைப் பிளக்கிறது. கழுத்தையும் உடலையும் உள்ளே குடைந்து, சுவரை ஒரே கனமாக்குங்கள். குடைந்த உடலுக்குக் கண்ணில் படாத ஒரு துளை வேண்டும். மெல்லிய சிறகு முதலில் காய்ந்து சுருங்கும். தடித்த தோள் பின்தங்கும். இரண்டும் சேருமிடத்தில் விரிசல் விழும். எனவே சிறகை மட்டும் பிளாஸ்டிக் தாளால் மூடி, தோளோடு சேர்ந்து காய விடுங்கள். கன்னத்தில் வைத்தால் சில்லென்றிருக்கிறதா? ஈரம் இன்னும் போகவில்லை, சூளைக்கு அனுப்பாதீர்கள்.