கட்டில் பிள்ளைக்கு, பாய் யாருக்கு?

வைத்தியசாலையில் கிடக்கும் பிள்ளைகளின் குடும்பங்களுக்குத் தங்குமிடம், அதற்குக் காசு சேர்ப்பது பற்றி வந்த கேள்விகள் இந்த வாரம்.

கேள்வி: அரசாங்க ஆஸ்பத்திரியில் எல்லாமே இலவசம். பிறகெதற்கு ஐயா உண்டியல்?
*வாசகர், மஸ்கெலியா*

பதில்: வைத்தியம் இலவசம். வைத்தியத்துக்குப் போய் வருவது இலவசமா? மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் கட்டிலுக்கும் டொக்டருக்கும் பில் வராது. ஆனால் ஹட்டன் பஸ்ஸுக்கு டிக்கட் எடுக்கவேண்டும், கடைச் சோற்றுக்குக் காசு வேண்டும், தங்கும் அறைக்கு வாடகை வேண்டும். பிரட்டுக்குப் போகாத நாளுக்குப் பேரும் விழாது. 2024இல் நிர்ணயித்தபோது அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. இருவரும் தோட்டத்து வேலை, அம்மா வார்டில், அப்பா வாசலில் என்றால் அந்தக் கணக்கிலேயே ஒரு நாளைக்கு 2,700 ரூபா போச்சு. உண்டியல் கேட்பது மருந்துக்கல்ல, அந்த 2,700க்கு.

கேள்வி: தாயைத்தான் வார்டில் தங்க விடுகிறார்களே, தனி வீடு எதற்கு?
*ஆசிரியை, நோர்வூட்*

பதில்: பெரும்பாலும் ஒருவரைத்தான் விடுவார்கள், அதுவும் பிள்ளை கட்டிலில் இருக்கும்வரை. டிக்கட் வெட்டிய பிறகுதான் பாடு தொடங்குகிறது. பிள்ளைகளுக்கு அதிகமாக வரும் வகை லுகேமியா இரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் இரண்டு, மூன்று வருடம் இழுக்கும். மருந்து ஏற்றி அனுப்புவார்கள், சில நாளில் திரும்ப வரச் சொல்வார்கள். அந்த இடைவெளியில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். காய்ச்சல் கண்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி சேரவேண்டும். மஹரகமவில் தங்கியிருந்தால் ஒரு த்ரீவீலர் போதும். பொகவந்தலாவை மேல் டிவிஷனில் என்றால் முதலில் தோட்டத்து லொறி, பிறகு பஸ், பிறகு கடவுள். பக்கத்தில் ஒரு வீடு இருப்பதும் மருந்துதான்.

கேள்வி: மில்க் ஷேக் விற்று இப்படி வீடு கட்டினார்களாமே? நாங்கள் தேத்தண்ணி விற்றால் ஆகாதா?
*வாசகி, தலவாக்கலை*

பதில்: கட்டினார்கள். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஈகிள்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்போல் அணி வீரர் பிரெட் ஹில்லின் மகளுக்கு லுகேமியா. தூரத்துக் குடும்பங்களுக்கு ஒரு வீடு வேண்டுமென்று டொக்டர் ஆட்ரி எவன்ஸ் கேட்டார். அணியினர் மக்டொனால்ட்ஸ் கடைக்காரர்களைப் பிடித்தார்கள். பச்சை நிற ஷாம்ராக் ஷேக் விற்ற காசும் சேர்ந்து, 1974இல் முதல் ரொனால்ட் மக்டொனால்ட் வீடு திறந்தது. நம் தேத்தண்ணியை லயத்தில் விற்கப் போகாதீர்கள். வீடு தேடி வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்துக் காசு கேட்டால் ஊர் காறித் துப்பும். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா வருகிறவர்களிடம் விற்றுப் பாருங்கள். குதிரைச் சவாரிக்குப் பேரம் பேசாதவர்கள் ஒரு கோப்பைக்கா பேசப்போகிறார்கள்?

கேள்வி: நம் நாட்டில் இப்படி ஏதும் உண்டா?
*வாசகர், லிந்துலை*

பதில்: மஹரகமவில் இந்திரா புற்றுநோய் நிதியத்தின் ‘சுவ அரண’ இருக்கிறது, புற்றுநோய்ப் பிள்ளைகளும் பெற்றோரும் தங்குவதற்கு. அக்கரையில் செயின்ட் ஜூட் இந்தியா சைல்ட்கேர் சென்டர்ஸ் 2006இல் மும்பையில் தொடங்கி, சென்னை, வேலூர் வரை வந்துவிட்டது. குடும்பத்துக்கு இடம், அவரவர் சமைத்துக்கொள்ளப் பொதுச் சமையலறை. பிள்ளைக்கு அம்மா கை ரசம் கிடைக்கும் என்பதற்காகவே நன்கொடை கொடுக்கலாம்.

கேள்வி: தேருக்குச் சேர்கிற காசு இதற்குச் சேருமா?
*இளைஞர், கொட்டகலை*

பதில்: தேருக்குக் கொடுத்தால் ஒலிபெருக்கியில் பெயர் வரும். இதற்கு ஒலிபெருக்கி கிடையாது. ஆனால் வழி நமக்குத் தெரிந்ததுதான். மரண உதவிச் சங்கத்துக்கு மாதாமாதம் கட்டுகிறோமா இல்லையா? அதே பாணியில் 300 பேர் ஆளுக்கு 50 ரூபா போட்டால் மாதம் 15,000. செத்தவர்களைத் தூக்கச் சங்கம் வைத்திருக்கும் நாம், பிழைக்கக்கூடிய பிள்ளைகளுக்கு ஒன்று வைக்கக்கூடாதா?

கேள்வி: நடைபவனி போனால் காசு சேருமா, கால்வலி சேருமா?
*வாசகர், இராகலை*

பதில்: இரண்டும் சேரும். 2011இல் ‘ட்ரெயில்’ நடைபவனி தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை ஏறக்குறைய 670 கிலோமீற்றர் போனது, தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காக. 2016இல் வடக்கிலிருந்து தெற்கே நடந்து காலி கராப்பிட்டியவுக்குச் சேர்த்தார்கள். நீங்களும் போங்கள். தொப்பி, டீசேர்ட், பதாகைச் செலவைக் கழித்துவிட்டு எண்ணுங்கள். மிச்சமில்லை என்றால் அதற்குப் பெயர் உடற்பயிற்சி.

கேள்வி: பஸ்ஸில் லேமினேட் கடிதத்தோடு வருபவர்களை நம்பலாமா?
*வாசகி, டிக்கோயா*

பதில்: சிலர் காட்டும் படத்தில் பிள்ளைக்கு வயதே ஏறுவதில்லை. “எந்த ஆஸ்பத்திரி, எத்தனையாம் வார்டு?” என்று கேளுங்கள். உண்மையான அப்பாவுக்குத் தூக்கத்திலும் வார்டு இலக்கம் தெரியும். அமைப்பென்று வந்தால் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். தொண்டு அமைப்புகளைப் பதிவதற்கு 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ரசீது வேண்டும், வங்கிக் கணக்கு அமைப்பின் பெயரில் இருக்கவேண்டும். கோபப்பட்டால் பஸ்ஸை விட்டு இறங்கவேண்டியது அவர்தான்.

கேள்வி: கையில் காசில்லை. வேறென்ன கொடுக்கலாம்?
*கொழும்பில் கடை வேலை செய்யும் பொகவந்தலாவை இளைஞர்*

பதில்: இரத்தம். லுகேமியாப் பிள்ளைகளுக்கு குருதிச் சிறுதட்டுகள் அடிக்கடி தேவை. எடுத்து வைத்தாலும் ஏறக்குறைய ஐந்து நாள்தான் தாங்கும். இன்னொன்று, உங்கள் சிங்களம். தமிழ் மட்டும் தெரிந்த அம்மாவுக்குப் படிவம் நிரப்பி, டொக்டர் சொன்னதை விளங்கப்படுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

கேள்வி: கொடுத்தவர்களின் பெயரைக் கல்லில் பொறிக்கலாமா?
*சங்கச் செயலாளர், ஹட்டன்*

பதில்: தாராளமாக. ஆனால் கட்டுவது ஒருமுறைச் செலவு, நடத்துவது மாதாமாதச் செலவு. திறப்பு விழாவுக்கு மாலையோடு வருகிறவர்கள் அடுத்த வருடத் தண்ணீர்ப் பில்லுக்கு வரமாட்டார்கள். கல்லில் பெயர் கேட்பவரிடம் முதலில் கரண்ட் பில்லை நீட்டுங்கள். பன்னிரண்டு மாதம் கட்டிவிட்டு வந்தாரென்றால், பெயரைப் பெரிய எழுத்திலேயே வெட்டுங்கள்.