57 பேரும் தலையாட்டினால்தான் பந்தி

வியன்னாவின் ஹோஃப்பர்க் அரண்மனையில் பேரரசர்கள் வாழ்ந்த காலம் போய், இப்போது ஐரோப்பியப் பாதுகாப்பு, ஒத்துழைப்பு அமைப்பு வாராவாரம் கூடிப் பேசுகிறது. மொத்தம் 57 நாடுகள். பெயரில்தான் ஐரோப்பா, 2012-இல் மங்கோலியாவும் வந்து உட்கார்ந்துகொண்டது. கல்யாண வீட்டில் யார் யாரெல்லாமோ வருவதில்லையா?

எதற்கும் எல்லாரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் முகத்தைத் திருப்பினாலும் இலை போட மாட்டார்கள். வத்திக்கானுக்கும் ரஷ்யாவுக்கும் ஒரே எடை.

கிழக்கு உக்ரைனில் வெடிச்சத்தம் கேட்டதையெல்லாம் எண்ணிக் குறித்துவந்த கண்காணிப்புக் குழுவின் தவணை 2022 மார்ச் 31-ஆம் தேதி முடிந்தது. நீட்டிக்க ரஷ்யா ஒப்பவில்லை. குழு மூட்டை கட்டியது. காவல்காரனை வைத்துக்கொள்ளலாமா என்று வீடு புகுந்தவனிடமே கேட்கிற ஏற்பாடு!

2024-இன் தலைமைக்கு எஸ்தோனியா வரிந்துகட்டி நின்றது. அதற்கும் ரஷ்யா ‘மாட்டேன்’. கடைசி நேரத்தில், நேட்டோவில் சேராத மால்டாவைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். 2021-க்குப் பிறகு பல ஆண்டுகள் பட்ஜெட்டுக்கும் சம்மதம் கிடைக்காமல், பழைய கணக்கை வைத்தே காலம் ஓடியது.

கூட்டத்தில் பேசுவதற்கு ஆறு அலுவல் மொழிகள். ‘மாட்டேன்’ மட்டும் மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்குமுன்பே எல்லாருக்கும் புரிந்துவிடுகிறது.