எச்சில் இலக்கணம்: பெடாஸ் வட்டாரப் பந்தி குறித்த ஓர் ஆய்வு

நடுவே குவித்த சோற்றையும் சுற்றி வைத்த கறிகளையும் பலர் கூடிப் பகிர்ந்துண்ணும் வழக்கம் இந்தோனேசியத் தீவுகள் பலவற்றில் உண்டு. ஜாவாவில் வாழையிலைகளை நீளமாக விரித்து, அவற்றின் மேல் சோற்றையும் கறிகளையும் பரப்பி, இருபுறமும் அமர்ந்து உண்பது லிவெத்தான் எனப்படும். பாலித் தீவில் இதையொத்த வழக்கம் மெகிபுங். மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களிடையே மாக்கான் பஜாம்பா. இவற்றுள் இறுதியாகச் சொன்னதே நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ரெம்பாவ் மாவட்டத்திலுள்ள பெடாஸ் வட்டாரத் தோட்டத் தமிழருக்கு அண்டை வீட்டு வழக்கம். ஏனெனில் இப்பகுதி மலாய்க்காரர் பலரின் முன்னோர் மினாங்கபாவ் நிலத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் அங்குள்ள பகாருயுங்கிலிருந்து ராஜா மெலேவாரை வரவழைத்து, 1773இல் ரெம்பாவின் பெனாஜிஸில் அரசராக்கினர் என்று மரபு வரலாறு கூறும். அரசரையே தாய்நாட்டிலிருந்து தருவித்தவர்கள் சமையற் பக்குவத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பார்கள் என்று கருத இடமில்லை. தேங்காய்ப்பாலில் மஞ்சளும் சிலி பாடி என்னும் சின்னஞ்சிறு மிளகாயும் சேர்த்துச் சமைக்கும் மாசாக் லெமாக் இதற்குச் சான்று. முதல் கவளத்திலேயே உண்பவரின் கண்கள் அதை நீர் மல்க உறுதிப்படுத்தும்.

ஆயினும், பால்மரக் காட்டில் சேர்ந்து உழைத்த தமிழர், சோற்றுக்கு முன் அமர்ந்ததும் தனித்தனி நாடுகளாகப் பிரிந்துவிடுவர். கோயில் அன்னதானமோ கலியாண வீடோ, ஒவ்வோர் இலையும் ஓர் இறையாண்மை பெற்ற நாடு. பக்கத்து இலையின் அப்பளத்தை எடுப்பது எல்லை மீறல். இந்நாடுகளுக்குள் தடையின்றி நுழையும் உரிமை சாம்பார் வாளி ஏந்தியவருக்கு மட்டுமே உண்டு. 'போதும்' என்று இலைமேல் கைகளைக் கவித்தாலும், விரலிடுக்கில் ஊற்றிவிட்டுச் செல்லும் அதிகாரம் அவருக்கு வழங்கப்பட்டிருக்கிறது. இவ்வமைப்பு முழுவதற்கும் அடிப்படை எச்சில் என்னும் கோட்பாடு. ஒருவர் வாய்பட்டதும், வாய்க்குச் சென்ற கைபட்டதும் மற்றவருக்கு ஆகாது என்பதே அதன் சாரம்.

இக்கோட்பாட்டுக்கு மேற்குச் சுமத்ராவின் பாடாங் நகரத்து உணவகங்கள் முதல் சோதனையாகும். அங்கே பரிமாறுபவர் ஒரே கையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு வந்து, கேட்காமலே பத்துப் பதினைந்து கறிகளை மேசையில் பரப்புவார். உண்டதற்கு மட்டும் காசு, தொடாத தட்டு அப்படியே திரும்பிப் போகும். கேட்காமல் வைத்ததை உபசாரம் என்று நம்பி, எதையும் மீதம் வைக்கலாகாது என்ற நல்ல வளர்ப்போடு எல்லாத் தட்டுகளையும் காலி செய்யும் தமிழர், கணக்குச்சீட்டு வரும்போதுதான் பண்பாட்டு வேறுபாடு என்பதன் விலையை அறிகிறார். டச்சுத் தோட்டத் துரைகள் இம்முறையைக் கண்டு மயங்கி, கறிக்கு ஓர் ஊழியர் வீதம் வரிசையாக வந்து பரிமாறும் ரைஸ்டாஃபல் என்ற ஆடம்பர விருந்தை வளர்த்தனர். மலாயாவின் வெள்ளைத் துரைகளோ ஞாயிற்றுக்கிழமைக் கறிச் சாப்பாட்டோடும் அதன் பின்வரும் நீண்ட உறக்கத்தோடும் நிறைவடைந்தனர்.

மாக்கான் பஜாம்பாவோ இன்னும் கடினமான சோதனை. ஜாம்பா எனப்படும் பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து, அனைவரும் அதிலேயே கைவைத்து உண்பதாகக் கேட்டதும் தோட்டத்துப் பாட்டிமார் முகஞ்சுளிப்பது இயல்பு. ஆனால் அதன் விதிகளை ஆராய்ந்தால் அவர்களே வியப்பர். ஆண்கள் சம்மணமிட்டும் பெண்கள் கால்களை ஒருபுறம் மடக்கியும் முதுகு நிமிர்ந்து அமர வேண்டும். மூத்தவர் கைவைத்த பின்னரே இளையவர் தொடங்க வேண்டும். தமக்கு நேரெதிரே உள்ள சோற்றைச் சிறு கவளமாக எடுத்து, வாயில் விரல் படாதபடி சற்றுத் தொலைவிலிருந்தே உள்ளே எறிய வேண்டும். இடது கையைக் கீழே ஏந்தி, சிந்தும் பருக்கையைத் தாங்கி உண்ண வேண்டுமேயன்றித் தட்டில் மீண்டும் இடலாகாது. செம்பை உதட்டில் படாமல் உயர்த்தி அண்ணாந்து நீரருந்தும் தமிழ்ப் பாட்டிக்கும் மினாங்கபாவ் பாட்டிக்கும் இடையே கொள்கை வேறுபாடு எதுவும் இல்லை என்பது இதனால் பெறப்படும். ஒருவர் நீரை எறிகிறார், மற்றவர் சோற்றை எறிகிறார்.

உண்மையான வேறுபாடு மாப்பிள்ளை விஷயத்தில்தான் உள்ளது. நிலமும் குலமும் பெண்வழியே செல்லும் அடாட் பெர்பாத்தே என்னும் மரபில், மணமான ஆண் மனைவி வீட்டாரின் கெண்டூரி என்னும் விருந்தில் ஓடியாடி உழைக்க வேண்டியவர். தமிழ் மரபிலோ அவருக்குத் தலைவாழை இலையும் முதல் மரியாதையும் உண்டு. இத்துறையில் ஒப்பாய்வு வளர்வதைத் தோட்டத்து மாப்பிள்ளைகள் ஊக்குவிப்பதில்லை.

ஆகவே, பொதுத் தட்டு எச்சிலைப் பொருட்படுத்தாதவர்களின் ஏற்பாடு என்ற கருத்து தவறு; தனி இலையைக் காட்டிலும் மிகுந்த ஒழுக்கத்தைக் கோருவது அதுவே. அத்தகைய விருந்துக்கு அழைப்பு வந்தால் தயங்காமல் செல்லலாம். எதிரே உள்ளதை மட்டுமே எடுக்க வேண்டும் என்பது விதியாதலால், கோழி ரெண்டாங் எந்தப் பக்கம் வைக்கப்படுகிறது என்பதைப் பார்த்துவிட்டு அமர்வது அறிவுடைமை.